மிலிட்டரி ட்ரெய்லர் வாங்கறதுக்கு முன்னாடி அதுக்கு அடில ஒருவாட்டி படுத்துப் பாருங்க

ரெண்டு நாள் கேம்பிங் போறதுக்கே எங்க ஜீப்ல இடம் பத்தாது. டென்ட், ஸ்டவ், ஐஸ் பாக்ஸ், ரெண்டு தண்ணி கேன், பொண்ணோட சைக்கிள், அதுக்கு மேல வீட்டம்மா விடாம எடுத்து வைக்கிற அரிசி பருப்பு குக்கர், இதெல்லாம் ஏத்தினா பின் சீட்ல ஆள் உக்கார முடியாது. கடைல ஆஃப்ரோடு ட்ரெய்லர்னு விக்கிறத விசாரிச்சேன், சொன்ன விலைக்கு ஒரு நல்ல பழைய காரே வாங்கிரலாம். அப்பதான் அமெரிக்க ஆர்மி கழிச்சுப் போட்ட கார்கோ ட்ரெய்லர் பக்கம் திரும்பினேன். இங்க கொலராடோல மலை ரோட்டுல சுத்துற ஆளுங்க நிறைய பேர் இதத்தான் இழுத்துட்டுப் போறாங்க. நான் வாங்கி மூணு வருஷம் ஆச்சு, அதுல பட்டதத்தான் எழுதறேன்.

முதல்ல எந்த மாடல்னு முடிவு பண்ணுங்க, ஏலத்துல விலை கம்மியா இருக்குன்னு எத வேணா வாங்கிராதீங்க. ஜீப் மாதிரி சின்ன வண்டி வச்சிருக்கவங்களுக்கு என் ஓட்டு எம்416க்குத்தான். வியட்நாம் போர் காலத்துல எம்151 ஜீப் பின்னாடி ஓடின கால் டன் ட்ரெய்லர், காலியா 600 பவுண்டுக்குள்ள இருக்கும், கால் டன்னா அவங்க கணக்குல 500 பவுண்டு சாமான். இதுக்கு முன்னாடி வந்த எம்100ம் இதே சைஸ்தான், கிடைச்சா விடாதீங்க. அடுத்தது எம்101, முக்கால் டன், காலியாவே 1300 பவுண்டு பக்கம் வரும், பிக்கப் ட்ரக் இருந்தா சரி. எம்105னு ஒண்ணு ஒன்றரை டன், ஆர்மி லாரி இழுக்கிறது, கேம்பிங்குக்கு அது பக்கமே போகாதீங்க.

இப்ப ஏலத்துல அதிகமா கண்ணுல படறது ஹம்விங்கிற ஆர்மியோட அகலமான பெரிய ஜீப் பின்னாடி ஓடின எம்1101, எம்1102. அலுமினிய பாடி, துரு தொல்லை கம்மி, பார்க்கவும் கெத்தா இருக்கும், எனக்கும் முதல்ல அதுமேலதான் கண்ணு. ஆனா அது ஹம்வி அகலத்துக்கு செஞ்சது, சக்கரமும் ஹம்வி சக்கரம் ஓடற தடத்துலயே ஓடும். ஜீப்ப ரெண்டு பாறைக்கு நடுவுல நீங்க சூதானமா நுழைச்சிருவீங்க, பின்னாடி வர்ற ட்ரெய்லர் ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு போய் பாறைல இடிக்கும், ஃப்ரெண்ட் ஒருத்தன் அப்படி மாட்டி முக்கால் மணி நேரம் ரிவர்ஸ் எடுத்தான். எடையும் காலியாவே 1400 பவுண்டு சொச்சம், ரெண்டு கதவு ஜீப் ராங்க்ளர் இழுக்க அனுமதி பெரும்பாலும் 2000 பவுண்டுதான், மீதி 600கூட இல்ல, இவ்ளோ பெரிய ட்ரெய்லர இழுத்தும் சின்னதுல ஏத்தற அளவு சாமான்தான் ஏத்தலாம், எதுக்கு? இன்னொரு சமாச்சாரம், ஹம்வி சக்கரத்தோட ரிம் 16.5 இன்ச். அந்த சைஸ் டயர் இப்ப லேசுல கிடைக்காது, அதுக்காக 16 இன்ச் டயர அதுல ஏத்தலாமேன்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, காத்து அடிக்கும்போதே வெடிச்சு ஆள் செத்திருக்காங்க. ரிம்மையே மொத்தமா மாத்திருங்க, 8 போல்ட்டு, 6.5 இன்ச் பேட்டர்ன், பெரிய பிக்கப் ரிம் பலதும் அதுல உக்காரும்.

எங்க வாங்கறதுன்னு கேட்டா, ஆர்மி சாமான் கவ்பிளானட் மாதிரி ஆன்லைன் ஏல சைட்டுல வரும், மத்த அரசாங்க ஆபீஸ் சாமானுக்கு அரசாங்கமே நடத்தற ஜிஎஸ்ஏ ஆக்‌ஷன்ஸ் சைட். ஏலத்துல காட்டற விலைய நம்பி சந்தோஷப்படாதீங்க. அதுக்கு மேல பையர் ஃபீ, டாக்ஸ், சில ஐட்டத்துக்கு இத எதுக்கு வாங்கறீங்கன்னு ஒரு ஃபாரம் எழுதிக் கொடுத்து அப்ரூவல் வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அப்புறம் அவங்க சொல்ற தேதிக்குள்ள மிலிட்டரி பேஸுக்கே போய் தூக்கிட்டு வரணும். நம்பர் பிளேட் இல்லாத, டயர் வெடிப்பு விட்ட ட்ரெய்லர ஹைவேல இழுத்துட்டு வர முடியாது, மேல ஏத்திட்டு வர்றதுக்கு ஃப்ளாட்பெட் வாடகைக்கு எடுக்கணும், ரெண்டு ஸ்டேட் தள்ளி இருந்தா வாடகையும் பெட்ரோலும் ட்ரெய்லர் விலையத் தாண்டிரும். அதனால முதல் தடவை வாங்கறவங்க பக்கத்து ஊர்ல ஏற்கனவே பேப்பர் போட்டு ஓட்டிட்டு இருக்கறவர்கிட்ட வாங்கறதுதான் புத்திசாலித்தனம், நாலு காசு கூடப் போனாலும் பரவாயில்ல.

பேப்பர் விஷயத்துல அசந்துராதீங்க. அரசாங்கத்துக்கிட்டருந்து நேரா வர்ற வண்டிக்கு எஸ்எஃப்-97னு ஒரு சான்றிதழ் வரும், அத வச்சுத்தான் உங்க ஸ்டேட் டிஎம்வில, அதாவது வண்டி பதிவு பண்ற ஆபீஸ்ல, டைட்டில்ங்கிற ஓனர் பேப்பர் எடுக்கணும். லிஸ்டிங்ல அது வருமா வராதான்னு போட்டிருக்கும், வராதுன்னா உங்க டிஎம்விக்கு முன்னாடியே போன் போட்டு கேளுங்க, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் ரூல் மாறும். பழைய மாடல்ல இப்ப வண்டிக்கெல்லாம் இருக்கற 17 எழுத்து அடையாள நம்பர் (வின்) கிடையாது, ஒரு சின்ன டேட்டா பிளேட்ல சீரியல் நம்பர் மட்டும்தான். என் ட்ரெய்லர்ல அந்த பிளேட்டு மேல ஆர்மிக்காரன் மூணு கோட்டிங் பச்சை பெயின்ட் அடிச்சு வச்சிருந்தான். வித்தவர் பில்லுல எழுதிக் கொடுத்த நம்பர நம்பி போனா இன்ஸ்பெக்‌ஷன்ல பிளேட்ட காட்டுன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து பெயின்ட் ரிமூவர் தடவி, பழைய டூத்பிரஷ்ஷால பொறுமையா தேய்ச்சு, டார்ச் லைட்ட சாய்ச்சுப் பிடிச்சுப் பார்த்தா கடைசி நம்பர் 8, பில்லுல 3. அவர தேடிப் பிடிச்சு புது பில் எழுதி வாங்க அஞ்சு வாரம் ஆச்சு. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பிளேட்டயும் பேப்பரயும் ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க.

இப்ப தலைப்புக்கு வர்றேன். பழைய பாய் ஒண்ணு, டார்ச், ஒரு ஸ்க்ரூட்ரைவர், ஒரு ஜாக் எடுத்துட்டுப் போங்க. எம்416 பாடி தொட்டி மாதிரி இருக்கும், ஆத்தக் கடக்கும்போது மிதக்கணும்னு செஞ்சது, அதனால தரையில தண்ணி வடிய ஓட்டையும் அதுக்கு ப்ளக்கும் வச்சிருப்பாங்க. ப்ளக் தொலைஞ்ச வண்டி நல்ல வண்டி, தண்ணி வடிஞ்சிருக்கும். ப்ளக்க இறுக்கி மூடி, மேல மூடாம, பத்து வருஷம் மழைல போட்டு வச்ச வண்டிதான் ஆபத்து, தரையெல்லாம் அப்பளமா இருக்கும். அடில படுத்து ஸ்க்ரூட்ரைவரால தரை, ஃப்ரேம், ஸ்ப்ரிங் மாட்டற இடம் எல்லாம் குத்திப் பாருங்க, டங்குன்னு கேட்டா சரி, பொத்துன்னு உள்ள போனா அப்படியே எழுந்து வந்துருங்க. லீஃப் ஸ்ப்ரிங்ல பட்டை உடைஞ்சிருக்கான்னு ஒவ்வொண்ணா எண்ணுங்க. அப்புறம் ஜாக் போட்டு சக்கரத்த சுத்தி விடுங்க, கரகரன்னு சத்தம் வந்தா இல்ல மேலயும் கீழயும் ஆட்டும்போது ஆடினா பேரிங் போச்சு, அது பெரிய செலவு இல்ல, விலை குறைக்க உதவும். ஹேண்ட்பிரேக் லீவர இழுத்துப் பாருங்க. எனக்கு இழுத்தா வரவே இல்ல, டிரம்ம கழட்டினா உள்ள குளவி மண்கூடு கட்டி வச்சிருக்கு, கைப்பிடி அளவு மண்ணு.

டயர் பட்டன் தேயாம இருக்கேன்னு ஏமாறாதீங்க. பக்கவாட்டுல DOTனு ஆரம்பிக்கிற கோடோட கடைசி நாலு நம்பர் பாருங்க, முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், 1806னா 2006ல பதினெட்டாவது வாரம். கோடு மூணு நம்பர்ல முடிஞ்சா அது 2000க்கு முந்தினது, யோசிக்காம தூக்கிப் போடுங்க.

வீட்டுக்கு வந்ததும் மாத்த வேண்டியது ரெண்டு. ஒண்ணு லைட்டு. ஆர்மி வயரிங் 24 வோல்ட், உங்க வண்டி 12. அந்த 12 பின் ப்ளக்கயும் பழைய பல்பயும் காப்பாத்தணும்னு நினைக்காதீங்க, மொத்தமா உருவிட்டு புது வயர், எல்இடி லைட் போடுங்க, எர்த் வயர ஃப்ரேம்ல பெயின்ட் சுரண்டி மாட்டுங்க, பாதி பேருக்கு லைட் எரியாததுக்கு காரணமே அதுதான். ரெண்டாவது கொக்கி. ட்ரெய்லர் முனையில லூனெட்னு பெரிய இரும்பு வளையம், அதுக்கு உங்க வண்டில அந்த வளையத்த கவ்விப் பிடிக்கிற பின்டில் ஹூக் வேணும். பலமானது, மேடு பள்ளத்துல எப்படி வேணா திரும்பும், ஆனா தார் ரோட்டுல லொடக் லொடக்குனு அடிச்சுக்கிட்டே வரும், எங்க வீட்ல முதல் ட்ரிப்பே கடைசி ட்ரிப்பா ஆகிருக்கும். நான் வளையத்த கழட்டிட்டு வண்டில இருக்கற இரும்பு உருண்டை மேல உக்கார்ற சாதாரண 2 இன்ச் பால் கப்ளர் மாட்டிட்டேன்.

பெயின்ட் பத்தி ஒரே விஷயம், ஆனா முக்கியம். 80கள்லருந்து அடிச்ச ஆர்மி பெயின்ட் கார்க் (CARC)னு ஒரு வகை, கெமிக்கல் தாங்கற மாதிரி செஞ்சது, அத காய்ஞ்சபடியே கிரைண்டர் போட்டு சுரண்டறதோ மேலயே வெல்டிங் வைக்கறதோ நுரையீரலுக்கு ஆகாது. அதுக்கு அடில இருக்கற ப்ரைமர்ல குரோமியம் இருக்கும், இன்னும் பழசுல ஈயமும் இருக்கலாம். சரியான ரெஸ்பிரேட்டர் போட்டு, தண்ணி விட்டு, வெளில வச்சு செய்யுங்க, பசங்கள கிட்ட விடாதீங்க.

சாமான் ஏத்தும்போது கனமானது ஆக்ஸிலுக்கு மேலயோ கொஞ்சம் முன்னாடியோ வரணும், மொத்த எடைல 10லருந்து 15 சதவீதம் கொக்கில அழுத்தணும், பின்னாடி கனம் ஆனா ஹைவேல வாலாட்டி வண்டியையே கவுத்துரும். எவ்ளோ அழுத்துதுன்னு பார்க்க வீட்டு வெயிட் மெஷின் போதும், மேல ஒரு கட்டை வச்சு முனைய அதுல இறக்குங்க. வீட்டம்மா அந்த மெஷின திரும்ப உள்ள விட மாட்டேன்னுட்டாங்க, மூணு வருஷமா கராஜ்லதான் கிடக்கு.