பிளேரைட் கான்ஃபிக் ஃபைல்: தொடக்கத்திலேயே சரியாக வைக்க வேண்டிய அமைப்புகள்

பிளேரைட் என்பது பிரவுசரைத் தானாக இயக்கி வலைப்பக்கங்களைச் சோதிக்கும் கருவி. அதில் டெஸ்ட் எழுதத் தொடங்கும் பலரும், டெஸ்ட் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்தே பார்ப்பதில்லை. நிறுவும்போது அது தானாக வந்துவிடுகிறது, டெஸ்ட்டும் ஓடுகிறது, அப்புறம் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகிப் பச்சையாக இருக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகி, ஏன் என்றே புரியாமல் உட்காரும்போதுதான் அந்த ஃபைலின் அருமை தெரியும். அதனால் ஒவ்வொரு மதிப்பையும் வைக்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: டெஸ்ட் ஃபெயில் ஆனால் இந்த அமைப்பு காரணத்தைக் காட்டிக்கொடுக்குமா, மூடி மறைக்குமா?

அமைப்புகளின் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். ஃபைலில் பார்த்தால் எளிதாக அடையாளம் தெரியும்.

1. இருக்கும் ஃபைலை முதலில் படியுங்கள்

நிறுவல் கட்டளையை ஓட்டினால் டைப்ஸ்கிரிப்ட்டா ஜாவாஸ்கிரிப்ட்டா, டெஸ்ட் ஃபோல்டருக்கு என்ன பெயர், கிட்ஹப் ஆக்ஷன்ஸ் ஃபைல் வேண்டுமா, பிரவுசர்களையும் இறக்கட்டுமா என்று கேட்கும். பதில் சொல்லி முடித்ததும் கான்ஃபிக் ஃபைல் தயாராகிவிடும். அதில் சில மதிப்புகள் சிஐ சர்வரில் (கோடு மாறும்போது டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் சர்வர், கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போல) ஓடும்போது ஒன்றாகவும், உங்கள் மெஷினில் வேறாகவும் இருப்பதைக் கவனியுங்கள். இந்த வழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெஷினில் நீங்களே பக்கத்தில் இருந்து பார்க்கிறீர்கள். சிஐயில் பார்க்க ஆள் இல்லை, அது விட்டுச்செல்லும் தடயம்தான் எல்லாம்.

2. நேர வரம்புகள்

இதில்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள், ஏனென்றால் வரம்பு ஒன்றல்ல, முக்கியமானவை மூன்று. ஒரு முழு டெஸ்ட்டுக்கான டைம்அவுட் 30 விநாடி. எக்ஸ்பெக்ட், அதாவது 'இந்த எழுத்து திரையில் வந்ததா' என்று சரிபார்க்கும் வரி, 5 விநாடி வரை திரும்பத் திரும்பப் பார்க்கும். கிளிக், ஃபில் போன்ற செயல்களுக்கான ஆக்ஷன் டைம்அவுட் மட்டும் 0. பூஜ்யம் என்றால் அதற்கென்று தனி வரம்பே இல்லை என்று பொருள்.

விளைவைப் பாருங்கள். லாகின் பக்கத்தில் 'உள்நுழை' என்றிருந்த பட்டனின் பெயரை யாரோ 'தொடர்க' என்று மாற்றிவிட்டார்கள். உங்கள் டெஸ்ட் பழைய பெயரைத் தேடி, டெஸ்ட்டுக்கு மீதமிருக்கும் நேரம் முழுவதையும் அந்த ஒரே கிளிக்கில் தின்றுவிடும். பத்து டெஸ்ட் லாகினை நம்பியிருந்தால் பத்தும் இப்படித்தான். இன்னொன்று, ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னால் ஓடும் பிஃபோர் ஈச் பகுதியில் செலவாகும் நேரமும் அதே 30 விநாடிக் கணக்கில்தான் சேரும். அங்கே 20 விநாடி போய்விட்டால் டெஸ்ட்டுக்கு மிஞ்சுவது 10 மட்டுமே. அப்போது எந்தத் தவறும் செய்யாத கடைசி வரியில் போய் டெஸ்ட் நிற்கும், நாமும் அந்த வரியையே முறைத்துக்கொண்டிருப்போம்.

எனவே டெஸ்ட் 30, எக்ஸ்பெக்ட் 5 இரண்டையும் தொடாதீர்கள். ஆக்ஷன் டைம்அவுட்டை மட்டும் 10 விநாடியாக வையுங்கள். மதிப்புகளை மில்லிவிநாடியில் கொடுக்க வேண்டும், ஆகவே 10000. சின்ன வரம்பு பெரிய வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. ஏதாவது ஒரு டெஸ்ட் நிஜமாகவே மெதுவானது என்றால் அந்த டெஸ்ட்டில் மட்டும் நேரத்தைக் கூட்டுங்கள். ஒன்றுக்காக எல்லாவற்றுக்கும் 2 நிமிடம் கொடுத்தால், உடைந்த பக்கத்துக்கும் மெதுவான பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

3. ரீட்ரையும் டிரேஸும் சேர்ந்தே முடிவாக வேண்டும்

ஃபெயில் ஆன டெஸ்ட்டை எத்தனை முறை மறுபடி ஓட்டுவது என்பதுதான் ரீட்ரைஸ். தானாக வரும் ஃபைலில் அது உங்கள் மெஷினில் 0, சிஐயில் 2. இது நல்ல தேர்வு. மாற்ற வேண்டாம்.

டிரேஸ்தான் கவனிக்க வேண்டியது. டெஸ்ட் எந்த வரியில் என்ன செய்தது, அந்த நொடியில் பக்கம் எப்படி இருந்தது, என்ன நெட்வொர்க் கோரிக்கைகள் போயின என்று முழுவதையும் பதிந்துவைக்கும் வசதி இது. ஃபைலில் இதன் மதிப்பு 'ஆன் ஃபர்ஸ்ட் ரீட்ரை' என்று இருக்கும். முதல்முறை ஃபெயில் ஆகி, மறுபடி ஓடும்போது மட்டும் பதியும். இதில் இரண்டு சிக்கல். உங்கள் மெஷினில் ரீட்ரையே கிடையாது, ஆகவே டிரேஸும் கிடையாது. சிஐயில், முதல்முறை ஃபெயில் ஆகி இரண்டாம் முறை பாஸ் ஆனால், உங்கள் கையில் கிடைப்பது பாஸ் ஆன ஓட்டத்தின் டிரேஸ். உங்களுக்கு வேண்டியதோ மற்றது.

'ரீட்டெய்ன் ஆன் ஃபெயிலியர்' என்று மாற்றிவிடுங்கள். எல்லா ஓட்டத்தையும் பதிந்து, பாஸ் ஆனவற்றை அழித்துவிடும். பதிவதற்கு நேரம் பிடிக்கும், டெஸ்ட் கொஞ்சம் மெதுவாகும். நூற்றுக்கணக்கில் டெஸ்ட் சேரும்வரை அந்த விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஸ்கிரீன்ஷாட்டை 'ஒன்லி ஆன் ஃபெயிலியர்' ஆக்குங்கள். வீடியோ வேண்டாம், டிரேஸே போதும்.

ரீட்ரையில் பாஸ் ஆன டெஸ்ட்டை ரிப்போர்ட் 'ஃபிளேக்கி' என்று தனியாகக் காட்டும். மொத்த ஓட்டம் பச்சையாகவே முடிவதால் பலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. தயவுசெய்து பாருங்கள். பல நேரம் அது டெஸ்ட்டின் கோளாறு இல்லை, பயனர்களுக்கும் எப்போதாவது வந்துபோகும் பிழைதான்.

டிரேஸில் குக்கீ, டோக்கன், டைப் செய்த கடவுச்சொல் எல்லாம் பதியும் என்பதையும் மறக்க வேண்டாம். டெஸ்ட்டுக்கென்றே உருவாக்கிய கணக்கை மட்டும் பயன்படுத்துங்கள்.

4. ஒரே நேரத்தில் எத்தனை?

ஒரே ஃபைலில் உள்ள டெஸ்ட்டுகளையும் சேர்ந்து ஓடவிடும் ஃபுல்லி பேரலல் 'ட்ரூ' என்று இருக்கும், அப்படியே விடுங்கள். ஒர்க்கர்ஸ், அதாவது ஒரே நேரத்தில் டெஸ்ட் ஓட்டும் புராசஸ்கள், எண்ணிக்கையில் உங்கள் மெஷினின் சிபியூ கோர்களில் பாதி, சிஐயில் 1. சேர்ந்து ஓடும்போது மட்டும் ஃபெயில் ஆகும் டெஸ்ட் இருந்தால், இரண்டு டெஸ்ட்டுகள் ஒரே கணக்கையோ ஒரே தரவையோ தொடுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று கார்ட்டில் பொருளைச் சேர்க்கும், அதே நேரத்தில் மற்றது கார்ட்டைக் காலி செய்யும். உடனே ஒர்க்கரை 1 ஆக்கிவிடத் தோன்றும், சிவப்பும் மறைந்துவிடும். ஆனால் 200 டெஸ்ட் சேர்ந்த பிறகு அந்தப் பின்னலைப் பிரிப்பது பெரும்பாடு. இப்போதே ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனித் தரவு கொடுங்கள்.

5. மீதி அமைப்புகள்

ஃபர்பிட் ஒன்லி சிஐயில் 'ட்ரூ' ஆக இருக்கட்டும். ஒரு டெஸ்ட்டை மட்டும் ஓட்டிப்பார்க்க 'ஒன்லி' போட்டு, எடுக்க மறந்து கமிட் செய்துவிட்டால், இது இல்லாதபோது அந்த ஒரே டெஸ்ட் ஓடி எல்லாம் பச்சை என்று காட்டும்.

சோதிக்கும் தளத்தின் அடிப்படை முகவரியான பேஸ் யூஆர்எல் கமென்ட்டாக இருக்கும், அதைத் திறந்து உங்கள் முகவரியைப் போடுங்கள். லோக்கேலும் (மொழி, வட்டார அமைப்பு) டைம்சோனும் நீங்களே எழுத வேண்டியவை. லோக்கேல் எதுவும் கொடுக்காவிட்டால் அமெரிக்க ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்ளும், தேதியில் மாதம் முன்னால் வரும். டைம்சோன் ஓடும் மெஷினைப் பொறுத்தது. சிஐ சர்வர் உலகப் பொது நேரத்தில் இருந்தால், உங்களிடம் பாஸ் ஆன தேதி டெஸ்ட் அங்கே ஒரு நாள் தள்ளிப்போய் ஃபெயில் ஆகலாம். பயனர்கள் எந்த மண்டலத்தில் இருக்கிறார்களோ அதைக் கொடுத்துவிடுங்கள்.

பிரவுசர் மூன்று: குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட். எழுதும்போது குரோமியம் மட்டும், சிஐயில் மூன்றும்.

6. வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

அமைப்புகளை வைத்ததோடு நிறுத்த வேண்டாம். இல்லாத ஒரு பட்டனைக் கிளிக் செய்யும் டெஸ்ட் ஒன்றை எழுதி ஓட்டுங்கள். 30 விநாடி ஆகாமல், கிளிக் தொடங்கி 10 விநாடியில் நிற்க வேண்டும். ரிப்போர்ட் தானாகத் திறந்து, டிரேஸைச் சொடுக்கினால் அந்த நேரத்துப் பக்கம் தெரிய வேண்டும். அப்புறம் ஒரு தனி பிராஞ்சில் சிஐக்கு அனுப்புங்கள். அங்கே மூன்று முறை முயன்று ஃபெயில் ஆகி, ரிப்போர்ட் ஃபோல்டரை இறக்கிக்கொள்ளும்படி விட்டுச்செல்ல வேண்டும். கடைசியாக, பாஸ் ஆகும் ஒரு டெஸ்ட்டில் 'ஒன்லி' போட்டு அனுப்புங்கள். சிஐ அதை ஏற்காமல் நிற்க வேண்டும். இவை எல்லாம் நடந்தால் அந்த பிராஞ்சை அழித்துவிட்டு, உங்கள் உண்மையான முதல் டெஸ்ட்டை எழுதத் தொடங்கலாம்.