அலுவல் இல்லாமல் கொழும்புக்கு: தனியே போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் கொழும்புக்குப் போயிருப்பார்கள். பாஸ்போட்டுக்கு, விசாவுக்கு, மஹரகமை ஆஸ்பத்திரிக்கு, இல்லையென்றால் கட்டுநாயக்காவில் ஒருவரை ஏற்றிவிட. வேனில் போய், அலுவலை முடித்து, வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு பிளேன்டி குடித்துவிட்டு அதே வேனில் திரும்புவார்கள். அதைக் கொழும்பு பார்த்த கணக்கில் நான் சேர்க்கமாட்டேன். ஒரு சனி, ஞாயிறு, ஒரு அலுவலும் இல்லாமல், தனியாகப் போய் வர என்ன செய்யவேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

1. நாளைத் தெரிவு செய்யுங்கள்

நம் பக்கத்தில் கச்சான் காற்று அடித்துக் காய்கிற மே, ஜூன் மாதங்களில் அங்கே தென்மேற்குப் பருவமழை. நமக்கு மாரி ஓய்கிற ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை இரண்டு பக்கமும் பரவாயில்லை.

சனிக்கிழமை காலையில் போய்ச் சேருவதுதான் நல்லது. அன்று புறக்கோட்டைக் கடைகள் திறந்திருக்கும். ஞாயிறு பெரும்பாலானவை பூட்டு, ஆனால் தெருக்களில் நெரிசல் குறையும், பஸ் சீக்கிரம் போகும். நூதனசாலை பொது விடுமுறை நாட்களில் பூட்டியிருக்கும், அதனால் போயா (பௌர்ணமி விடுமுறை) வருகிற வார இறுதியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: போகிற செய்தியை அக்கம்பக்கத்தில் பரப்பாதீர்கள். ஒரு பை நிறையச் சாமான் பட்டியல் வந்துசேரும், பிறகு அதுவே அலுவலாகிவிடும்.

2. வீட்டில் சொல்லுங்கள்

“தனியவா போறாய் மனே? மறுகா ஆரு கூப்பிட வருவா?” என்று அம்மா கேட்பா. வாக்குவாதம் வேண்டாம். தங்கும் இடத்தின் பெயர், போன் இலக்கம், திரும்பும் ரயில் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். காலையும் இரவும் ஒரு கோல் எடுங்கள். அது போதும்.

3. பயணம்

மட்டக்களப்பிலிருந்து என்றால் இரவு ரயில். ஆசனத்தை முன்கூட்டியே பதியுங்கள். புறப்படும் நேரங்கள் மாறுவதால் ஸ்டேசனிலோ 1919 அரசாங்கத் தகவல் நிலையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். கல் ஓயாப் பக்கத்துக் காடுகளில் யானை குறுக்கிடும் என்பதால் வண்டி மெதுவாகத்தான் போகும். சொன்ன நேரத்துக்குப் போய் இறங்குவோம் என்று கணக்குப் போடாதீர்கள். கல்முனை, அக்கரைப்பற்று ஆட்களுக்கு இரவு பஸ்தான் லேசு.

4. தங்குமிடம்

வெள்ளவத்தை, அல்லது கொட்டாஞ்சேனை. இரண்டிலும் தமிழில் பேசிச் சமாளிக்கலாம். முதல் தடவைக்கு நான் வெள்ளவத்தையைத்தான் சொல்வேன். இருட்டிய பிறகும் காலி வீதியில் ஆள் நடமாட்டம் இருக்கும், சாப்பாட்டுக் கடை தேடி அலையவேண்டாம். சின்ன யாழ்ப்பாணம் என்று சொல்லுமளவுக்கு யாழ்ப்பாணத் தமிழ்தான் காதில் விழும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அறை எடுக்கும்போது அடையாள அட்டை கேட்பார்கள். பெண்கள் தனியாகப் போனால் ஊரிலிருந்தே போன் எடுத்து, அறைக்கதவுக்கு உள் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் வாசலில் ஆள் இருப்பாரா என்று நேரடியாகக் கேளுங்கள். இழுத்துப் பதில் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

5. ஊரை ஒரு கோட்டில் பிடியுங்கள்

கொழும்பு 1 முதல் 15 வரை பிரிக்கப்பட்ட நகரம். எல்லாவற்றையும் பாடமாக்க வேண்டாம். கோட்டையிலிருந்து தெற்கே கொள்ளுப்பிட்டி (3), பம்பலப்பிட்டி (4), வெள்ளவத்தை (6) என்று கடலோடு போகிறது காலி வீதி. அதில் 100, 101 பஸ்கள் ஓடும். ஒழுங்கை எதில் இறங்கினாலும் மேற்கே கடல். வழி தவறினால் கடலைத் தேடிப் போங்கள், தண்டவாளம் தெரியும். அப்புறம் நீங்கள் தொலைந்த ஆள் இல்லை.

ஓட்டோவுக்குப் பிக்மீ செயலியைப் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். காசு எவ்வளவு என்று ஏறுமுன்பே தெரிந்துவிடும். சிங்களத்தில் “கீயத?” (எவ்வளவு?), “பஹினவா” (இறங்கப்போறேன்) இரண்டும் வாயில் வந்தால் பஸ் பயம் பாதி போய்விடும்.

6. முதல் நாள்: கால்நடையாகப் புறக்கோட்டை

இதற்கு முழுக் காலைப்பொழுதையும் கொடுங்கள். கோட்டை ஸ்டேசனில் தொடங்கி கொட்டாஞ்சேனை வரை இரண்டு கிலோமீற்றர் சொச்சம்தான், ஆனால் நாலைந்து உலகங்களைக் கடக்கவேண்டும்.

முதலில் இரண்டாம் குறுக்குத் தெரு. சிவப்பும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் அங்கேதான், 1908, 1909இல் கட்டியது. தொழுகை நேரம் தவிர்த்து, உடுப்பைச் சரிசெய்துகொண்டு, வாசலில் கேட்டு உள்ளே போகலாம். அங்கிருந்து பிரதான வீதி வழியாகச் செட்டியார் தெரு. நகைக்கடைகளுக்கு நடுவில் இரண்டு கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் விழாத் தேர் இந்தப் பக்கத்திலிருந்துதான் புறப்பட்டுத் தெற்கே போகும்.

இன்னும் நடந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தாரும் வந்து நெருக்குவார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று நம் சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அதே காலையில் இங்கேயும் வெடித்தது. மட்டக்களப்பிலிருந்து போகிறவர் இந்த இடத்தைச் சும்மா கடந்து போகமுடியாது.

கடைசியாகப் பொன்னம்பலவாணேசர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912இல் முடித்த முழுக் கருங்கல் வேலை. வெயிலில் நடந்து வந்த காலுக்கு அந்தக் கல்தரையின் குளிர்ச்சி பெரிய ஆறுதல். மதியம் நடை சாத்துமுன் போய்ச் சேருங்கள்.

புறக்கோட்டையில் பையை முன்பக்கம் போடுங்கள். காசை இரண்டு இடமாகப் பிரித்து வையுங்கள். நடுத்தெருவில் நின்று போனில் வரைபடம் பார்க்காதீர்கள், ஒரு கடைக்குள் ஏறிப் பாருங்கள்.

7. இரண்டாம் நாள்: ஒரு கல்லுக்காக நூதனசாலை

138 பஸ்ஸில் ஏறி நகர மண்டபம் தாண்டி இறங்கினால் கிட்டத்தான். 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். கண்டி அரசனின் சிங்காசனத்தைப் பார்க்கத்தான் எல்லாரும் போவார்கள். நீங்கள் காலி மும்மொழிக் கல்வெட்டைத் தேடுங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, கல்லில் உள்ள ஆண்டு 1409. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனாருக்கும் (தெற்கே தெவிநுவரைக் கோயில் தெய்வம்), பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. 1911இல் காலி நகரத்தில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து அகப்பட்டதாம். கூட்டாளிகளோடு போனால் “வாடா, பசிக்குது” என்று இழுத்துப் போய்விடுவார்கள். தனியே போனால் ஒரு கல்லின் முன் அரைமணி நேரம் நிற்கலாம்.

8. பின்னேரம்

கோட்டையில் தெற்கே போகும் ரயிலில் ஏறி வலது பக்க ஜன்னலில் இருங்கள். கொள்ளுப்பிட்டி வந்ததும் கடல் தண்டவாளத்தை ஒட்டி வரும். அலுவலகம் விடும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், தொங்கத்தான் இடம் கிடைக்கும்.

காலிமுகத்திடலுக்கு ஐந்து மணிக்குப் பிறகு போங்கள். நாம் கடலில் சூரியன் உதிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள், அங்கே அது கடலில் விழும். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக இருப்பார்கள், தனியே இருக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு இறால் வடையை விலை கேட்டு வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் இருங்கள். பத்து நிமிடத்தில் கூச்சம் போய்விடும்.

தனியே சாப்பிடுவதுதான் முதல் தடவைக்காரருக்குக் கஷ்டமான பகுதி. சைவக்கடையில் தொடங்குங்கள். அங்கே பாதிப்பேர் தனியாகத்தான் வந்து, தோசையைத் தின்று, கையைக் கழுவிப் போவார்கள். உங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

தாமரைக் கோபுரம்? வானம் தெளிந்திருந்தால் ஏறுங்கள். மப்பாக இருந்தால் காசு மிச்சம்.

9. திரும்புதல்

திரும்பும் ஆசனத்தைப் போகும்போதே பதிந்துவிடுங்கள், ஞாயிறு இரவு இடம் கிடைப்பது வில்லங்கம். பஸ் என்றால் புறக்கோட்டையில் எந்த இடத்தில் ஏற்றுவார்கள் என்று பதியும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அந்த இருட்டில் பையோடு அலைய வேண்டாம். ரயில் என்றால் ஒரு மணி நேரம் முந்திக் கோட்டைக்கு வாருங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. தண்ணீர்ப் போத்தலையும் இரவுச் சாப்பாட்டையும் வெள்ளவத்தையிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு வாருங்கள்.