ஈஸ்ட்ல டிஎன்ஏவ வெட்டிட்டு, அது எப்படி ஒட்டுதுன்னு பார்க்குறது

எக்ஸ்ரே அடிச்சா டிஎன்ஏ கண்ட இடத்துல உடையும், எதைன்னு பார்ப்பீங்க? அதனாலதான் எச்ஓ என்சைம். மூணாவது குரோமோசோம்ல மேட்ங்கிற இடத்துல மட்டும் ரெண்டு இழையையும் வெட்டும். கேலக்டோஸ் ஊத்துனா ஆன், குளுக்கோஸ் ஊத்துனா ஆஃப், அப்படித்தான் இந்த என்சைமோட ஜீனை செட் பண்ணிருப்பாங்க.

எந்த ஸ்ட்ரெயின் (ஈஸ்ட் ரகம்) எடுக்குறீங்கங்கிறதுல கவனம். அதே குரோமோசோம்ல மேட் மாதிரியே எழுத்து இருக்குற எச்எம்எல், எச்எம்ஆர்ங்கிற ரெண்டு இடமும் இருந்தா செல் அதைப் பார்த்து காப்பி அடிச்சு சரி பண்ணிக்கும். ரெண்டையும் தூக்கிட்ட ஸ்ட்ரெயின்ல அந்த வழி அடைஞ்சு போச்சு, வெட்டுன முனைகள நேரா ஒட்டிக்கிறதுதான் கதி.

முந்தின நாள் செல்ல 2% ராஃபினோஸ்ங்கிற சர்க்கரையில வளருங்க, குளுக்கோஸ் வேண்டவே வேண்டாம். நான் ஒருதடவ குளுக்கோஸ்ல வளர்ந்த செல்ல கழுவாம அப்படியே போட்டுட்டு, மறுநாள் கேலக்டோஸ் ஊத்தி ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தா ஒண்ணுமே வெட்டல, நாள் ஃபுல்லா வேஸ்ட்.

நல்லா வளர்ற நேரத்துல 2% கேலக்டோஸ் சேர்த்து 0, 30, 60 நிமிஷத்துல சாம்பிள் எடுங்க. வெட்டுற இடத்தோட ரெண்டு பக்கமும் பிரைமர் (சின்ன டிஎன்ஏ துண்டு) வச்சு பிசிஆர் ஓட்டுனா, அதாவது நடுவுல இருக்குற டிஎன்ஏவ பல மடங்கு காப்பி எடுத்தா, வெட்டுப்பட்டதுல காப்பி ஆகாது, ஜெல்ல பேண்ட் (கோடு) வராது. ஆனா பிசிஆரே சொதப்புனாலும் பேண்ட் வராதுல்ல, அதனால வேற குரோமோசோம்ல இருக்குற ஒரு ஜீனையும் கூடவே ஓட்டிடுங்க.

அப்புறம் பிளேட். குளுக்கோஸ்ல வெட்டு நடக்காது, 200 செல் போதும், கேலக்டோஸ்ல லட்சக்கணக்குல போடணும், ஏன்னா ஆயிரத்துல ஒண்ணு ரெண்டுதான் தேறும். சரியா ஒட்டுனா என்சைம் திரும்ப வந்து வெட்டிடும், ஒண்ணு ரெண்டு எழுத்து கூடியோ குறைஞ்சோ தப்பா ஒட்டுனதுதான் பிழைக்கும். கேலக்டோஸ் பிளேட்ட சில மணி நேரம் கழிச்சு மைக்ராஸ்கோப்ல பாருங்க, தாயும் மொட்டும் ஒரே சைஸ்ல, டம்பெல் மாதிரி அப்படியே நின்னிருக்கும், ரிப்பேர் முடியாம பிரிய மாட்டேங்குது.

காலனி (ஒரு செல் பெருகி வந்த புள்ளி) வந்துடுச்சேன்னு குதிக்காதீங்க. மேட் பகுதிய சீக்வென்ஸ் பண்ணி எழுத்து எழுத்தா படிங்க, எழுத்து எதுவும் மாறலன்னா பெரும்பாலும் அது வெட்டே வாங்காத செல், எண்ணிக்கையில சேர்க்கக்கூடாது. கன்ட்ரோலுக்கு கேயூ70ங்கிற புரோட்டீனோட ஜீனை நீக்கின ஸ்ட்ரெயின கூடவே வைங்க, ஒட்டுற வேலைக்கு அந்த புரோட்டீன் வேணும், அதுலயும் அதே அளவு காலனி வந்துச்சுன்னா நீங்க எண்ணிக்கிட்டு இருக்குறது ரிப்பேரே இல்ல.