டிரைவ்-த்ரூ காபிக் கடை: வாகன வரிசைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் டிரைவ்-த்ரூ வசதியோடு, அதாவது காரிலிருந்து இறங்காமலே ஜன்னலில் வாங்கிப் போகும் வசதியோடு, ஒரு காபிக் கடை திறக்க விண்ணப்பம் போட்டால், காலை நேரத்தில் எத்தனை கார் நிற்கும், எதுவரை நிற்கும் என்று நகர நிர்வாகம் கேட்கும். அந்தக் கணக்கு தப்பினால் வரிசை வளாகத்தைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிடும். அப்போது அவதிப்படுவது காபி வாங்க வந்தவர் மட்டுமல்ல. பின்னால் வரும் பள்ளிப் பேருந்து நிற்கும். நடைபாதையை மறித்த காரைச் சுற்றிக்கொண்டு ஒருவர் சாலையில் இறங்கி நடப்பார். காபியே குடிக்காத அந்த மனிதருக்காகத்தான் இந்தக் கணக்கைச் சரியாகப் போட வேண்டும் என்கிறேன்.

அதிகம் நடக்கும் தவறு, சராசரியை நம்புவது. மணிக்கு 60 கார் வருகிறது, ஜன்னலில் ஒரு காருக்கு 50 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மணிக்கு 72 காரை அனுப்பலாம். வருவதோ 60, பிறகு வரிசை எங்கிருந்து வரும் என்று தோன்றும். ஆனால் கார்கள் நிமிடத்துக்கு ஒன்றாக வருவதில்லை. மூன்று சேர்ந்து வரும், பிறகு இரண்டு நிமிடம் ஒன்றுமே வராது. ஒருவர் ஒரே ஒரு கறுப்புக் காபியை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். அடுத்த வேனில் நான்கு பேர் இருப்பார்கள், நால்வருக்கும் நான்கு விதமான பானம். ஒன்றுக்கு ஓட்ஸ் பால், இன்னொன்றுக்கு இனிப்பு பாதி. கடைசியில் கார்டு வேலை செய்யாமல் பர்ஸைத் துழாவுவார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. டெலிபோன் அழைப்புகளுக்காக டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் 1909-இல் தொடங்கிவைத்த வழி அது. ஒற்றை ஜன்னலுக்கான எளிய சூத்திரத்தில் மேலே சொன்ன எண்களைப் போட்டால் சராசரியாக 5 கார் நிற்கும். 95-ஆவது பர்சன்டைல், அதாவது நூறு முறை எட்டிப் பார்த்தால் 95 முறை தாண்டாத அளவு, 16 கார். காருக்கு 25 அடி என்றால் 5 காருக்கு 125 அடி போதும், 16 காருக்கு 400 அடி வேண்டும். வருகை 60-லிருந்து 66 ஆகட்டும், வெறும் 10 சதவீதம்தான் கூடுகிறது. சராசரி 11-க்குப் போகிறது, 95-ஆவது பர்சன்டைல் 34-க்கு. ஜன்னலின் திறனை நெருங்க நெருங்க வரிசை இப்படித்தான் எகிறும்.

நிஜத்தில் 34 கார் நிற்பது அபூர்வம். பாதி நீளத்தைப் பார்த்ததுமே பலர் விலகிப் போய்விடுவார்கள். இதிலிருந்து பிறப்பதுதான் அடுத்த தவறு: பக்கத்து ஊர்க் கடையில் போய் ஜன்னலருகே நின்று எண்ணுவது. அங்கே மணிக்கு 70 கார் வெளியேறினால், 70 என்பது அந்தக் கடையால் முடிந்த அளவு மட்டுமே. எத்தனை பேர் வந்தார்கள் என்பது அதில் தெரியாது. வரிசையின் வாலில் நில்லுங்கள். வளாகத்துக்குள் நுழையும் நேரத்தைக் குறியுங்கள். இண்டிகேட்டர் போட்டு, வேகம் குறைத்து, வரிசையைப் பார்த்துவிட்டு இண்டிகேட்டரை அணைத்துப் போகும் காரையும் எண்ணுங்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் கழகமான ஐ.டி.இ.யின் ட்ரிப் ஜெனரேஷன் மேனுவலை, அதாவது எந்த வகை இடத்துக்கு எத்தனை வாகனப் பயணம் என்று சொல்லும் நூலை, கையாள்வதிலும் சறுக்கல் உண்டு. அதில் டிரைவ்-த்ரூ உள்ள காபி, டோனட் கடைக்கு 937 என்று தனி வகை எண் இருக்கிறது. துரித உணவகத்துக்கான 934-ஐ எடுத்துப் போடக் கூடாது. பர்கர் கடையின் கூட்டம் மதியத்தில், காபிக் கூட்டம் காலையில். மாலை 4 முதல் 6 வரை எண்ணிவிட்டு நிம்மதியாக இருப்பதும் இதே வகைத் தவறுதான். இன்னொன்று, அந்த நூலில் உள்ளே வருவது ஒரு பயணம், வெளியே போவது இன்னொரு பயணம். இரண்டையும் சேர்த்த எண்ணை அப்படியே வரிசைக்குப் போட்டால் வருகை இரட்டிப்பாகிவிடும். பயண எண்ணைக் கடையின் சதுர அடியால் பெருக்குவதும் ஏமாற்றும்: உட்கார இடமே இல்லாத சின்னப் பெட்டிக் கடை, பெரிய கடைக்கு இணையாகக் காரை இழுக்கும்.

ஆர்டர் சொல்ல இரண்டு லேன் போட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. இரண்டும் ஒரே ஜன்னலில்தான் சேர்கின்றன. ஓரிகான் மாநிலத்தில் தொடங்கிய டச் ப்ரோஸ் காபிக் கடைகளில் ஊழியர்கள் டேப்லெட்டோடு கார்களிடமே போய் ஆர்டர் எடுக்கிறார்கள். அது உதவும், ஆனால் பானம் தயாராகும் நேரம் குறைந்தால்தான் வரிசை நகரும்.

வரைபடத்திலும் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்கக் காரில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவதால் ஜன்னல் காரின் இடப்பக்கம் வர வேண்டும். அதனால் வரிசை பெரும்பாலும் கட்டடத்தைக் கடிகாரச் சுற்றுக்கு எதிராகச் சுற்றும். ஜன்னலிலிருந்து பின்னோக்கி, வளைவுகளோடு, 25 அடிக்கு ஒரு பெட்டியாகக் கார்களை வரையுங்கள். எட்டாவது பெட்டி மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங்கை மறிக்கிறதா, பன்னிரண்டாவது பெட்டி வெளியேறும் வழியை அடைக்கிறதா, பதினாறாவது பெட்டி நடைபாதையில் ஏறி நிற்கிறதா என்று அந்தத் தாளிலேயே பார்த்துவிடலாம்.