எரிமலை பார்க்கக் கிளம்புகிறீர்களா, இதைப் படித்துவிட்டுப் போங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து நிறையப் பேர் திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூர் வழியாக இந்தோனேசியாவின் பாலி, மேடான் என்று போய் எரிமலையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் ஆளைக் கொல்வது நெருப்புக் குழம்புதான் என்ற நினைப்போடு போகாதீர்கள். குழம்பு பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும், நடந்தே தப்பிவிடலாம். தப்ப முடியாதது, சாம்பலும் வாயுவும் கல்லும் பல நூறு டிகிரி சூட்டில் ஒன்றாகத் திரண்டு, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்துச் சரிவில் இறங்குகிற மேகம். 1902-ல் மார்த்தினிக் தீவில் பெலே எரிமலையிலிருந்து இறங்கிய அப்படி ஒரு மேகம் ஒரு நகரத்தையே சில நிமிடங்களில் அழித்தது. ஏறக்குறைய 28,000 பேர் போய்விட்டார்கள். மேடானுக்குப் பக்கத்தில் இருக்கும் சினபுங் எரிமலையிலும் 2014-ல் தடை எல்லைக்குள் போனவர்கள் இதில்தான் மாட்டினார்கள்.

அதனால் கிளம்பும் அன்று காலையில் அந்த மலைக்கு என்ன எச்சரிக்கை என்று பாருங்கள். இந்தோனேசியாவில் கீழிருந்து மேலாக நான்கு நிலை: நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். இரண்டாம் நிலைதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மேற்குச் சுமத்ராவின் மராப்பி எரிமலை அந்த நிலையில் இருக்கும்போதுதான் வெடித்தது, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரிமலையின் வாயிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்களோ அதற்குள் காலே வைக்காதீர்கள், வழிகாட்டி எவ்வளவு தைரியம் சொன்னாலும் சரி.

ஆற்றுப் பள்ளத்தில் நின்று படம் எடுக்க வேண்டாம். மழை பெய்தால் சாம்பல் சேறாகி அந்த வழியாகத்தான் பாய்ந்து வரும். இரைச்சல் கேட்டால் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

சாம்பல் கொட்டினால் வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியை அடையுங்கள். அது அடுப்புச் சாம்பல் இல்லை, பாறையும் கண்ணாடியும் பொடிந்த தூள். மூக்குக் கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்தால், ஆத்தங்குடித் தளத்தில் மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி கீறிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். என்95 முகக்கவசம் கட்டாயம். சாம்பல் கனமாகச் சேர்ந்து மேலே மழையும் பெய்தால் கூரையே உட்காரும். 1991-ல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்தபோது நிறையப் பேர் அப்படித்தான் இறந்தார்கள். அப்பச்சிக்கோ ஆத்தாவுக்கோ ஆஸ்துமா இருந்தால் தயவுசெய்து மேலே கூட்டிப்போகாதீர்கள், கந்தகப் புகை தாங்காது.

அப்புறம், ஊர் திரும்பிய மறுநாளே சாந்திக் கல்யாணம் என்று டிக்கெட் போடாதீர்கள். சாம்பல் விமான எஞ்சினுக்குள் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் விமானத்தை எடுக்கவே மாட்டார்கள். 2024 நவம்பரில் இந்தோனேசியாவின் லெவோதோபி எரிமலை வெடித்தபோது பாலி விமானங்கள் வரிசையாக ரத்தாயின. இரண்டு மூன்று நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.