சிஸ்டர் சிட்டி ஸ்கூல் எக்ஸ்சேஞ்ச்: பெரியவங்க நாம தவிர்க்க வேண்டிய தப்புகள்

வேற வேற நாட்டுல இருக்குற ரெண்டு ஊரு நட்பா இருப்போம்னு சிஸ்டர் சிட்டி ஒப்பந்தம் போட்டாச்சு, அடுத்து பிரைமரி ஸ்கூல் பிள்ளைங்களையும் சேர்த்து லெட்டர், வீடியோ, பார்சல்னு மாத்திக்கிற ஒரு எக்ஸ்சேஞ்ச் ஆரம்பிக்கலாம்னு பேச்சு வரும், ரொம்ப நல்ல விஷயம் தான். ஆனா இது ஒரே வருஷத்துல படுத்துடுற இடத்துல பாத்தீங்கன்னா பிள்ளைங்க மேல தப்பே இருக்காது. பெரியவங்க நாம இத ஒரு விழாவா நெனச்சுடுறோம், அந்தப் பிள்ளைக்கு வேண்டியது "நான் எழுதுனேனே, எனக்கு பதில் வந்துச்சா", அவ்ளோதான்.

அதனால மொத தப்பு, மொத்த ஸ்கூலையும் ஹால்ல உக்கார வச்சு ஒரே ஒரு வீடியோ காலோட தொடங்குறது. மேயர் பேசுவாரு, ஹெச்எம் பேசுவாரு, அந்தப் பக்கம் இருக்குற பிள்ளைங்க முகம் கூட சரியா தெரியாது, கைத்தட்டிட்டு கலைஞ்சிடுவாங்க. அதுக்கு பதிலா இங்க ஒரு கிளாஸ், அங்க ஒரு கிளாஸ்னு ஆரம்பிங்க. ஆளுக்கு ஆள் நேரடியா போய்ச் சேர்ந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு பழைய உதாரணம் இருக்கு. 1927ல அமெரிக்கப் பிள்ளைங்க சார்பா ஜப்பானுக்கு 12,000க்கு மேல பொம்மைகள் போச்சு, ஜப்பான்காரங்க அமெரிக்காவுல குடியேறுறத தடுத்த 1924 சட்டத்தால ரெண்டு நாட்டுக்கும் நடுவுல கசப்பு இருந்த நேரம், ஜப்பான்ல பல வருஷம் மிஷனரியா இருந்த சிட்னி குலிக் முன்ன நின்னு நடத்துனது. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பேரு, ஒரு குட்டி பாஸ்போர்ட், கூடவே லெட்டர். ஜப்பான் பதிலுக்கு 58 பெரிய பொம்மைகள் அனுப்புச்சு. அப்புறம் ரெண்டாம் உலகப் போர் வந்தப்ப நிறைய பொம்மைகள அழிச்சுட்டாங்க, ஆனா சில ஸ்கூல்ல ஒளிச்சு வச்சு காப்பாத்தியிருக்காங்க, 300க்கு மேல இன்னைக்கும் இருக்கு. பேரும் லெட்டரும் இருந்ததால தான் அத அவங்க தங்களோட பொருளா நெனச்சாங்கன்னு எனக்கு தோணுது.

லெட்டர் விஷயத்துல ரொம்ப கவனமா இருக்கணும், இதுல தான் பிள்ளைங்க மனசு ஒடையுது. இங்க 24 பேரு, அங்க 31 பேருன்னா யாருக்கு யாருன்னு மொதல்லயே லிஸ்ட் போட்டு, எண்ணிக்கை இடிச்சா ஒரு பிள்ளைக்கு ரெண்டு ஃப்ரெண்டுன்னு வச்சுக்கோங்க. பார்சல் பிரிக்கிற அன்னைக்கு எல்லார் கையிலயும் லெட்டர் இருந்து ஒரே ஒரு பிள்ளை மட்டும் சும்மா உக்காந்திருக்கக் கூடாது, அதனால டீச்சர் முன்னாடியே பிரிச்சு எண்ணிப் பாத்துட்டு தான் கிளாஸுக்கு கொண்டு வரணும், கொறைஞ்சா அன்னைக்கு குடுக்காதீங்க, அந்தப் பக்கம் டீச்சர்கிட்ட கேட்டு வாங்கிட்டு குடுங்க. நம்ம பிள்ளைங்க எழுதுறதயும் திருத்தி திருத்தி ஒரே மாதிரி ஆக்காதீங்க, போர்டுல எழுதிப் போட்டத பாத்து எல்லாரும் காப்பி அடிச்சா அது 24 லெட்டர் இல்ல, ஒரு லெட்டர் தான். எழுத வராத பிள்ளை படம் வரையட்டும்.

அடுத்தது ஸ்கூல் வருஷம். ஜப்பான்ல ஏப்ரல்ல தொடங்கி மார்ச்ல முடியும், அமெரிக்காவுல ஆகஸ்ட் இல்ல செப்டம்பர், ஆஸ்திரேலியாவுல ஜனவரி கடைசி. நீங்க பாட்டுக்கு ஜனவரில ஜப்பான் ஸ்கூலோட ஆரம்பிச்சீங்கன்னா பழகி முடிக்கிறதுக்குள்ள அந்தக் கிளாஸ் முடிஞ்சுடும், டீச்சரே ட்ரான்ஸ்ஃபர் ஆகிப் போயிருப்பாங்க. ரெண்டு காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டு பக்கமும் ஸ்கூல் நடக்குற மாசங்கள மட்டும் எடுத்துக்கோங்க.

நேர வித்தியாசமும் அதே கதை தான். 1955ல கைகோர்த்த அமெரிக்காவோட செயின்ட் பாலும் ஜப்பானோட நாகசாகியும் தான் அமெரிக்கா ஜப்பான் நடுவுல மொத சிஸ்டர் சிட்டி, குளிர்காலத்துல இவங்களுக்குள்ள 15 மணி நேரம், கோடைல 14, ஏன்னா அமெரிக்காவுல கடிகாரத்த மாத்துவாங்க, ஜப்பான்ல மாத்த மாட்டாங்க. நாகசாகில திங்கட்கிழமை காலைல 9 மணின்னா செயின்ட் பால்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ரெண்டு ஸ்கூலும் ஒரே நேரத்துல தெறந்திருக்கவே வாய்ப்பில்ல, இந்த மாதிரி ஜோடிக்கு லைவ் கால்னு அடம்பிடிக்காம ரெக்கார்ட் பண்ண வீடியோ அனுப்புங்க, அந்தப் பிள்ளைங்க நிறுத்தி நிறுத்தி திரும்பப் பாக்கவும் முடியும்.

பார்சல்ல பிள்ளைங்க ஆசையா வைக்கிறது காஞ்ச எல, பூ, விதை, எறகு இதெல்லாம் தான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரி நாடுகள்ல இதுக்கு சட்டம் ரொம்ப கடுமை, பிடிச்சு வச்சுடுவாங்க. போட்டோ எடுத்தோ வரைஞ்சோ அனுப்பச் சொல்லுங்க. கிஃப்ட்டா இருந்தாலும் கஸ்டம்ஸ் ஃபார்ம்ல உள்ள என்ன இருக்கு, என்ன மதிப்புன்னு எழுதியே ஆகணும்.

பிள்ளைங்க பேருல சோஷியல் மீடியா அக்கவுண்ட் ஆரம்பிச்சு "நீங்களே பேசிக்கோங்க"ன்னு விடுறது பெரிய தப்பு. அமெரிக்காவுல 13 வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்களோட தகவல ஆன்லைன் கம்பெனிங்க வாங்கணும்னா பெத்தவங்க அனுமதி வேணும், ஐரோப்பிய யூனியன்ல அந்த வயசு 16, நாடுகள் விரும்புனா 13 வரைக்கும் கொறைக்கலாம். எல்லாமே டீச்சர் அக்கவுண்ட் வழியா போகட்டும், ரெண்டு ஊரு பெத்தவங்ககிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்குங்க, போட்டோவையும் முழுப் பேரையும் சேர்த்து வெளில போடாதீங்க.

நேர்ல போற பயணத்த மொத வருஷமே வைக்காதீங்க. காசு இருக்குற நாலு வீட்டுப் பிள்ளைங்க மட்டும் போயிட்டு வந்தா மத்தவங்களுக்கு இந்த எக்ஸ்சேஞ்ச் மேலயே ஒரு வெறுப்பு வந்துடும். ஊரு கமிட்டி செலவுல பங்கு எடுத்துக்க ஒத்துக்கிட்ட பிறகு போங்க, போற பிள்ளைங்க போகாதவங்க எழுதிக் குடுத்த கேள்விய கொண்டு போய் கேட்டுட்டு வரட்டும். தங்குற வீட்டுக்கு அலர்ஜி, மருந்து விவரம் முன்னாடியே போய்ச் சேரணும், அந்த வீட்ட யாராவது நேர்ல பாத்திருக்கணும்.

இது எல்லாத்தயும் ஒரே ஒரு ஆர்வமான டீச்சர் தலையில கட்டிடாதீங்க, அவங்க மாறிப் போனா எல்லாமே போச்சு. ஒவ்வொரு பக்கமும் ரெண்டு டீச்சர், கமிட்டில இருந்து ஒருத்தர், அட்ரஸும் லிஸ்டும் ஸ்கூல் ஃபைல்ல. வருஷக் கடைசில பிள்ளைங்க கடைசி லெட்டர் எழுதுறதுக்கு நேரம் ஒதுக்குங்க, அப்பவே அடுத்த வருஷம் இந்தக் கிளாஸுக்கு வரப்போற பிள்ளைங்களையும் பக்கத்துல உக்கார வச்சு அவங்கள அறிமுகப்படுத்தி எழுதச் சொல்லுங்க.