லேப்டாப்பில் பழைய பிளாப்பி: டிரைவில் போடும் முன் பூசணம் பாருங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய டிடிபி கடைகளில் பிளாப்பிப் பெட்டிகள் (அந்தக் காலத்தில் கோப்புகளைச் சேமித்து வைத்த காந்தத் தகடுகள்) இன்னும் கிடக்கின்றன. உள்ளே இருப்பதை எடுக்க ஒரு யூஎஸ்பி பிளாப்பி டிரைவ் போதும். ஆனால் இடவப்பாதி மழை, ஐப்பசி மழை இரண்டும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது, போதாததற்குக் கடல்காற்று. அலமாரியில் வருஷக்கணக்கில் இருந்த டிஸ்கில் பூசணம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. டிஸ்கைப் பாருங்கள்

இந்த டிரைவில் 3.5 இன்ச் டிஸ்க் மட்டுமே போகும். வளைகிற பெரிய 5.25 இன்ச் பிளாப்பிக்கு இது உதவாது. பழைய மேக் கம்ப்யூட்டரின் 800 கேபி டிஸ்க் உள்ளே போகும், ஆனால் படிக்காது.

தகட்டு மூடியை விரலால் ஒதுக்குங்கள். பின்பக்கம் நடுவிலுள்ள உலோக வட்டத்தை மெல்லச் சுழற்றியபடி, உள்ளே தெரியும் பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கை அதில் படக்கூடாது. பரப்பு ஒரே சீராக மின்னினால் நல்லது. வெள்ளைப் புள்ளியோ மங்கலான திட்டோ தெரிந்தால் பூசணம். டிரைவுக்குள் டிஸ்க் நிமிஷத்துக்கு 300 சுற்று சுற்றும், படிக்கும் முனையான ஹெட் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். காந்தப் பூச்சு சுரண்டிப் போவதோடு, ஹெட்டில் ஒட்டிய அழுக்கு அடுத்துப் போடும் நல்ல டிஸ்கையும் கீறிவிடும்.

அவசியம் வேண்டிய டிஸ்க் என்றால், 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால், வட்டத்தைச் சுழற்றிச் சுழற்றி இரண்டு பக்கமும் துடையுங்கள். அழுத்தவே வேண்டாம். ஒரு மணி நேரமாவது நிழலில் காயட்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள்.

2. பூட்டுங்கள்

ஒரு மூலையில் நகரும் சின்னக் கட்டை இருக்கும். அதைத் தள்ளி ஓட்டை திறந்து தெரியும்படி வையுங்கள். இனி விண்டோஸ் தவறிக்கூட எதையும் எழுதாது. எதிர் மூலையிலும் கட்டையில்லாத ஓட்டை இருந்தால் அது 1.44 எம்பி டிஸ்க், இல்லையென்றால் 720 கேபி.

3. இணையுங்கள்

நேராக லேப்டாப் போர்ட்டில் செருகுங்கள். தனி மின்சாரம் இல்லாத ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) வழியாகப் போட்டால், மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற மின்சாரம் போதாமல் டிரைவ் விட்டுவிட்டு மறையும். டைப் சி மட்டும் உள்ள லேப்டாப் என்றால் ஒரு மாற்றி வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனி டிரைவர் மென்பொருள் தேவையில்லை, ‘ஏ’ என்ற எழுத்தில் தானே வந்துவிடும்.

4. நகல் எடுங்கள்

கோப்பை டிஸ்கிலிருந்தே திறக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு நகலெடுங்கள். விளக்கு அணையும் முன் வெளியேற்றும் பொத்தானைத் தொடாதீர்கள்.

‘டிஸ்கை ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் வெளிவட்டத்து முதல் டிராக்கில்தான் (பதிவு வட்டத்தில்தான்) தொடங்குகிறது. அது கெட்டாலே டிஸ்க் முழுவதும் காலி போலத் தெரியும், கோப்புகள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். இப்போது தேவை முழு இமேஜ், அதாவது டிஸ்கை அப்படியே ஒரே கோப்பாக எடுத்த நகல். அதை எடுக்கும் மென்பொருள் விண்டோஸில் விண்இமேஜ், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ. 1.44 எம்பி டிஸ்கின் இமேஜ் சரியாக 1,474,560 பைட் வரவேண்டும் (80 டிராக், 2 பக்கம், டிராக்குக்கு செக்டார் என்ற 18 துண்டு, துண்டுக்கு 512 பைட்).

டிடிரெஸ்க்யூவையே நாங்கள் சொல்வோம். விட்டுப்போன செக்டார்களை அது ஒரு மேப் கோப்பில் குறித்து வைக்கும். அதே டிஸ்கை இன்னொரு டிரைவில் போட்டு, அதே மேப் கோப்போடு ஓட்டினால் மிச்சத்தை மட்டும் தேடும். டிரைவுக்கு டிரைவ் ஹெட் நிற்கும் இடம் மயிரிழை மாறும் என்பதால், ஒன்று கைவிட்டதை மற்றொன்று படிப்பது சாதாரணம்.

5. தமிழ்க் கோப்பு

திறந்ததும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் கோப்பு கெட்டது என்று அழித்துவிடாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கலாம். எழுத்துரு மாற்றியில் ஒட்டி யூனிகோடாக்குங்கள். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்பு மட்டும் அப்படி வராது. அதற்குப் பழைய மென்பொருளே வேண்டும்.